கும்பினி முதல் கம்பெனி ரோல் வரை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லம், மாத்தூர், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரை நீளும் சாலையில் முன்பின் தெரியாத இருவர் பேசத் தொடங்கினால், முதலில் ஊர் பெயர் வரும். அடுத்து வரும் கேள்வி, "எந்தக் கம்பெனி?" பதில் கிடைத்தவுடன் சற்றுத் தணிந்த குரலில் மூன்றாவது கேள்வியும் வரும்: "கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா?"

இரண்டு கேள்வியிலும் இருப்பது ஒரே சொல்தான், ஆனால் பொருள் வேறு. இரண்டாவது கேள்வியில் கம்பெனி என்பது இடம். மதில், கேட், ஷெட், கேண்டீன், வாசலில் நிற்கும் பஸ் எல்லாம் சேர்ந்தது அது. அங்கே வேலைக்குப் போகிற எவரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம். மூன்றாவது கேள்வியில் கம்பெனி என்பது உறுப்புரிமை. ரோல் என்றால் கம்பெனியின் நேரடிப் பணியாளர் பட்டியல். நீ உள்ளே வேலை செய்கிறாய் சரி, அதற்குள் சேர்ந்தவனா என்று அது கேட்கிறது. ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே வேலையைச் செய்கிற இருவரில் ஒருவர் இதற்கு ஆமாம் என்பார், இன்னொருவர் பேசாமல் இருப்பார். ஒரு சொல் இப்படி இரண்டாகப் பிளந்து நிற்பது ஏன் என்பதை அறிய அது வந்த வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வழி நீளமானது. அதில் ஒரு பகுதி இதே மண்ணின் மீதே கிடக்கிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் பிற்கால லத்தீனில் 'கொம்பானியோ' என்று இருந்தது. 'கொம்' என்றால் உடன், 'பானிஸ்' என்றால் ரொட்டி. உடனிருந்து ரொட்டி உண்பவன் என்று பொருள். ஆறாம் நூற்றாண்டளவில் தொகுக்கப்பட்ட பிராங்க் இனத்தாரின் சாலிக் சட்டத்தில் இந்த வடிவம் காணப்படுகிறது. இது லத்தீன்காரர்கள் தாமாகப் பிறப்பித்த சொல்லும் அன்று என்பது மொழியறிஞர் கருத்து. கோதிக் மொழியில் 'கஹ்லைபா' என்றொரு சொல் உண்டு. அதன் உறுப்புகளும் 'உடன்', 'ரொட்டி' என்பவையே. ஜெர்மானியப் படைவீரர்கள் தம்மோடு ஒரே பந்தியில் உண்டவனை அழைத்த பெயரை லத்தீன் அப்படியே உருமாற்றி எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் பிரபுவைக் குறிக்கும் 'லார்ட்' என்ற சொல்லும் ரொட்டியிலிருந்து பிறந்ததே. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ரொட்டியைக் காப்பவன் என்று பொருள். உணவைப் பகிர்கிறவன் ஒரு சொல்லுக்கும், உணவைத் தன் காவலில் வைத்திருக்கிறவன் இன்னொரு சொல்லுக்கும் தந்தையானார்கள். பின்னாளில் இந்தியாவில் இந்த இரண்டும் ஒன்றாகவே வந்து இறங்கின.

ஆங்கிலத்தில் முதலில் நிலைத்த பொருள் தோழமை, கூட்டம் என்பதுதான். பிறகு படைப்பிரிவு என்ற பொருள் வந்தது. தேர்தல் காலத்தில் துணை ராணுவம் இத்தனை கம்பெனி வருகிறது என்று நாளிதழ்களில் நாம் படிப்பது அந்தப் பொருள்தான். வணிகர்கள் கூடி முதல் போட்டுத் தொழில் செய்யும் அமைப்பைக் குறிக்க ஆங்கிலேயர் இதைப் பயன்படுத்தியது பதினாறாம் நூற்றாண்டில். ரஷ்யாவோடு வணிகம் செய்ய 1555ல் மஸ்கோவி கம்பெனி சாசனம் பெற்றது. 1600 டிசம்பர் 31 அன்று எலிசபெத் அரசி கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் கொடுத்தார். அதில் இருந்த முழுப்பெயர், கிழக்கிந்தியத் தீவுகளோடு வணிகம் செய்யும் லண்டன் வணிகர்களின் ஆளுநரும் கம்பெனியும் என்பதாகும். அந்தப் பெயரிலும் கம்பெனி என்பது ஆட்களின் கூட்டத்தையே குறிக்கிறது, கட்டடத்தை அல்ல.

தமிழ்க் கடற்கரைக்கு இந்தச் சொல் ஒரே வாயிலிருந்து வரவில்லை. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும், டேனிஷ்காரர்கள் 1620ல் தரங்கம்பாடியிலும், ஆங்கிலேயர் 1639ல் சென்னையிலும், பிரெஞ்சுக்காரர்கள் 1674ல் புதுச்சேரியிலும் கால் ஊன்றினார்கள். எல்லோரும் கம்பெனி என்ற பெயரோடுதான் வந்தார்கள். தமிழர் வாயில் அது கும்பினி ஆயிற்று. இந்த வடிவம் ஆங்கில ஒலிப்பைவிடப் பிரெஞ்சு, போர்த்துகீசிய ஒலிப்புகளுக்கு அருகில் நிற்கிறது. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கும்பினி என்றால் அது பிரெஞ்சுக் கம்பெனி. கட்டபொம்மன் கதைப்பாடல்களில் கும்பினி என்றால் அது ஆங்கிலேயர். இரண்டிலும் அந்தச் சொல் ஒரு அதிகாரத்தைக் குறிக்கிறது. வரி கேட்பதும் படை அனுப்புவதும் தூக்கிலிடுவதும் கும்பினியே. கூடி உண்ணும் தோழமையின் சுவடு அதில் ஒட்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரமும் ஒரகடமும் அடங்கிய இந்த வட்டாரம் கும்பினியின் வெறும் ஆட்சிப் பகுதி மட்டும் அல்ல. அதன் சொத்தாகவே இருந்தது. 1763ல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இதைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு கூடிய மானியமாக, எழுதிக்கொடுத்தார். ஆங்கிலேயரின் பழைய ஆவணங்கள் இன்றைய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளை வெறுமனே 'ஜாகீர்' என்றே குறிப்பிடுகின்றன. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராகப் போய் நஞ்சை, புஞ்சை, ஏரி, குளம், வீடு, தொழில் என்று கணக்கெடுத்தார். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கினார்கள். கர்னல் பெய்லி சிறைப்பட்டார். அந்தப் போரின் நாசத்துக்குப் பிறகு கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் 1790களில் ஏரிகளைச் செப்பனிட்டார், வரியையும் கடுமையாக உயர்த்தினார். மிராசுதார்கள் யார், பண்ணையாள்கள் யார், நிலத்தில் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற வழக்கு அப்போதே இங்கே தொடங்கிவிட்டது. விளைச்சலில் பங்கு உள்ளவர் ஒரு பக்கம், விளைவித்துக் கொடுத்துக் கூலி மட்டும் வாங்குகிறவர் இன்னொரு பக்கம் என்று அந்த ஆவணங்கள் பிரித்துக் காட்டுகின்றன. இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதே ஏரிகளுக்கு நடுவே எழுந்த ஷெட்களில் ரோலும் கான்ட்ராக்டும் பிரிக்கப்படுவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் போகாது.

கும்பினிக்கு முன்னால் நம்மிடம் வணிகக் கூட்டமைப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்கள் கடல் கடந்து போயின. சுமத்ராவில் பாரூஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவருடையது. குழுவும் பங்கும் விதியும் காவலும் அவர்களிடம் இருந்தன. ஆனால் கும்பினி வந்தபோது அந்தப் பெயர்கள் மக்கள் நாவிலிருந்து மறைந்துவிட்டிருந்தன. அதனால் புதிய சொல் வெற்றிடத்தில் குடியேறியது.

1858ல் கம்பெனி ஆட்சி முடிந்தது. அதற்குப் பிறகு இந்தச் சொல்லுக்குத் தமிழில் கிடைத்த வாழ்வு எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கும்பினி என்ற வடிவம் கதைப்பாடலிலும் வரலாற்று நூலிலும் தங்கிவிட, கம்பெனி என்ற வடிவம் மக்களுடையதாயிற்று. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பதிவு செய்தது சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். வணிகத்தின் பெயரால் நாட்டைப் பிடித்த ஒரு கம்பெனியின் வாரிசுகளை எதிர்க்க, அதே பெயரையும் அதே சட்ட வடிவத்தையும் அவர் கையில் எடுத்தார். 25 ரூபாய் பங்கு என்பது, பெருவணிகர் அல்லாதவரும் இதில் சேரலாம் என்ற அழைப்பு. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் அவரே துணை நின்றார். பங்குதாரரையும் தொழிலாளரையும் ஒருசேர எண்ணிய தலைவர் என்பதால், இந்தச் சொல்லின் தமிழ் வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு.

அடுத்தது நாடகம். பாய்ஸ் கம்பெனி என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டின் முன்பகுதியில் தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். வறுமையில் வாடிய வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் 'கம்பெனி வீடு' என்று அழைக்கப்பட்ட ஒரே வீட்டில் தங்கி, ஒரே சமையலை உண்டு, பாட்டும் வசனமும் கற்றார்கள். அடியும் கட்டுப்பாடும் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் 'உடன் உண்பவர்' என்ற வேர்ப்பொருளுக்குத் தமிழில் மிக அருகே வந்தது அந்தக் கம்பெனி வீடுதான். நாடகத்திலிருந்து சொல் சினிமாவுக்குப் போயிற்று. படக் கம்பெனிகளின் படி ஏறி இறங்கியவர்களின் கதை இல்லாத திரையுலக வாழ்க்கை வரலாறு அரிது.

வட்டாரத்துக்கு வட்டாரம் வழக்கு மாறுவதையும் சொல்ல வேண்டும். கோவையில் நூற்பாலை என்றால் மில். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். திருப்பூரில் பத்துத் தையல் இயந்திரம் போட்ட வீட்டு மாடியும் பனியன் கம்பெனிதான். கடைக்காரர் வாயில் 'கம்பெனி சாமான்' என்றால் போலி அல்லாத, பெயர் பெற்ற தயாரிப்பு. வண்டி மெக்கானிக் 'கம்பெனி ஸ்பேர்' என்பதும் அதுவே. பத்திரிகை எழுத்தில் ஒருவர் பெயரோடு 'அண்ட் கோ' சேர்ந்தால் அது அவருடைய கோஷ்டி. "டீ குடிக்கப் போறேன், கம்பெனி குடேன்" என்று நண்பனை இழுக்கும் இளைஞன், லத்தீனும் கோதிக்கும் அறியாமலே, அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருளைக் காப்பாற்றி வருகிறான்.

இலங்கைத் தமிழில் இதன் எழுத்து வடிவமே வேறு. அங்கே கம்பனி என்று எழுதுவார்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் தமிழில் கம்பனிகள் சட்டம். மலையகத்தில் 1992ல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் தனியாருக்குப் போனது முதல், கம்பனி என்றாலே சம்பளப் பேச்சுவார்த்தையில் எதிர்ப்பக்கம் உட்காருகிறவர் என்று பொருள். தமிழ்நாட்டில் அரசும் பாடநூலும் நிறுவனம், நிறுமம், குழுமம் என்ற சொற்களைத் தந்தன. நிறுமச் செயலரியல் என்று கல்லூரிப் படிப்பே இருக்கிறது. நிறுவனம் எழுத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. பேச்சில் மட்டும் கம்பெனியை அசைக்க முடியவில்லை. வேலைக்குப் போகிற எவரும் வீட்டில் 'நிறுவனத்துக்குக் கிளம்பிட்டேன்' என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லில் அதிகாலைப் பஸ்ஸும் ஷிப்டும் சம்பளமும் சேர்ந்து கிடப்பதால் அதை மாற்றத் தேவையும் இல்லை என்பது என் கருத்து.

சட்டத்தில் கம்பெனி என்பது இன்னொரு திசையில் வளர்ந்தது. 1896ல் லண்டன் பிரபுக்கள் சபை தீர்த்த சாலமன் வழக்கு, கம்பெனி வேறு, அதன் பங்குதாரர் வேறு என்று உறுதி செய்தது. அந்தத் தீர்ப்புப்படி கம்பெனி தானே ஒரு 'நபர்'. சொத்து வாங்கும், கடன்படும், வழக்காடும், கலைக்கப்படும் வரை வாழும். இந்தியாவில் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் ஒரே ஆள் நடத்தும் கம்பெனிக்கும் இடம் கொடுத்தது. 'உடன்' என்ற முன்னொட்டு இன்னும் சொல்லில் இருக்கிறது. உடன் இருக்க ஆள் தேவையில்லை என்ற இடத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் ஏழாம் பகுதி, கம்பெனிகளுக்காக நிலம் எடுப்பதற்கென்றே எழுதப்பட்டது. தொழிற்பேட்டைகளுக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. "நிலம் கம்பெனிக்குப் போச்சு" என்று அவர்கள் சொல்லும்போது எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்வதில்லை. வாங்கியது தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட், வந்தது வேறு வேறு கம்பெனிகள்.

1996ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் வைத்தது. 1998ல் முதல் கார் வெளிவந்தது. 2006ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010ல் ரெனோ நிசான், 2012ல் டெய்ம்லர், இவற்றோடு ராயல் என்பீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று வரிசை நீண்டது. கம்பெனி வெறும் இடம் அல்ல என்பதை இந்த வட்டாரத்துக்குக் கடுமையாகக் கற்பித்தது நோக்கியா. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாப்டுக்குக் கை மாறியது. வரி வழக்கில் முடக்கப்பட்டிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. இயந்திரமும் ஆளும் கைத்திறனும் எல்லாம் இங்கே இருந்தன. கம்பெனி மட்டும் இங்கே இல்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. உச்ச காலத்தில் அங்கே நேரடியாக வேலை செய்தவர் சுமார் 8,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். பல ஆண்டுகள் கழித்து சால்காம்ப் அந்த இடத்தை வாங்கியது.

இப்போது ரோல் பற்றிய கேள்விக்குத் திரும்பலாம். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 'முதன்மை வேலையளிப்பவர்' என்ற ஒருவரைக் காட்டியது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் அதைக் கொடுக்க வேண்டியவர் அவர். கேண்டீன் போன்ற வசதிகளை ஒப்பந்ததாரர் செய்யாவிட்டால் செய்ய வேண்டியவரும் அவரே. சட்டம் வகுத்தவர்களுக்கு ஆபத்து தெரிந்திருந்தது. வேலை வாங்குகிறவர் ஒருவர், வேலைக்கு வைத்தவர் இன்னொருவர் என்றானால் பொறுப்பு நடுவில் நழுவிவிடும் என்பதே அது. ஒப்பந்தத்தோடு நின்றுவிடவில்லை. ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்று கற்பவராகப் பெயர் எழுதி உற்பத்தி வேலை வாங்கும் வழக்கமும் பரவியிருக்கிறது.

அப்படி நழுவிய பொறுப்பு 2021 டிசம்பரில் வெளியே தெரிந்தது. ஐபோன் பூட்டும் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். டிசம்பர் 18 அன்று சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஒப்பந்ததாரர் வழி வந்தவர்கள். ஆலை ஒருவருடையது, ஆள் எடுத்தது வேறொருவர், விடுதியும் சமையலும் மற்றொருவர். ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. தங்கும் இடமும் உணவும் தரக்குறைவாக இருந்ததை ஒப்புக்கொண்ட பிறகே ஆலை மறுபடி திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு 706.5 கோடி ரூபாயில் கட்டித் திறந்தது. உணவும் உறைவிடமும் கம்பெனிக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல என்பதை அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து நிலைநாட்டினார்கள்.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐந்து வாரத்துக்கு மேல் நீடித்தது. சம்பளம் பேசுபொருளாக இருந்தது உண்மை. அதனினும் ஆழமாகப் போனது சங்கத்தின் பெயர் பற்றிய வழக்கு. தொழிலாளர்கள் தங்கள் சங்கத்துக்கு சாம்சங் என்ற பெயரை வைக்க நினைத்தார்கள். அது தங்கள் வணிகப் பெயர் என்று நிர்வாகம் மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரி 27 அன்று சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் என்ற பெயரிலேயே பதிவு கிடைத்தது. கம்பெனியின் பெயர் யாருக்குச் சொந்தம், அங்கே உழைக்கிறவர் அதைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லலாமா என்பதே அங்கே எழுந்த கேள்வி. இந்த வட்டாரத்தில் இருநூறு ஆண்டுகளாகத் தீராமல் கிடக்கும் பங்கு வழக்கின் இன்றைய வடிவம் அது.

சொல்லின் வேர்ப்பொருளைக் காட்டி உரிமை கேட்க முடியாது. லத்தீன் ரொட்டி எந்த நீதிமன்றத்திலும் சாட்சியாகாது. ஆனால் அந்தச் சொல் நடந்து வந்த தடத்தில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உள்ளே யார், வெளியே யார் என்பதைச் சொல் ஒருபோதும் தானாக முடிவு செய்ததில்லை. சாசனமும் ஜாகீரும் பங்குப் பத்திரமும் பணி ஆணையும் முடிவு செய்தன. 25 ரூபாய்ப் பங்கால் வ.உ.சி. உள்ளே வரும் கதவைத் திறந்து வைத்தார். வேலை நிரந்தரமாக இருக்கும்போது ஆளை மட்டும் தற்காலிகமாக வைக்கும் ஏற்பாடு அதை மூடிவைக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடுகிற லைனில் ஆண்டுக்கணக்கில் நிற்கிற ஒருவரைக் கம்பெனி ஆள் அல்ல என்று சொல்வது தவறு. சட்டமும் தொழில்துறையும் அதைத் திருத்த வேண்டும்.

இந்தச் சாலையில் வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. சேரும் அன்றே பணி ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். மாதம்தோறும் சம்பளச் சீட்டில் வேலையளிப்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வருங்கால வைப்பு நிதிக்கான யுஏஎன் எண்ணைக் கைபேசியில் வைத்துக்கொண்டு பாஸ்புக்கைத் திறந்தால், உங்கள் கணக்கில் பணம் கட்டும் நிறுவனத்தின் பெயர் தெரியும். கேட்டில் மாட்டியிருக்கும் பெயரும் அதுவும் வேறாக இருந்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.